‘கொஞ்சமா வெச்சு உட்காரு’ என்ற கெட்ட அறிவுரை

சீட்டாட்ட மேசையைப் பற்றி நம் ஊரில் ஒரு அறிவுரை உலவுகிறது. “கொஞ்சமா வெச்சு உட்காருங்க சார், போனாலும் கொஞ்சந்தானே போகும்!” மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுபவர்கள் இதைச் சொல்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வரும் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் போக்கர் மேசை போடும்போது சொல்கிறார்கள். கோவாவுக்குப் போய், மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பலில் ஓர் இரவு உட்கார்ந்துவிட்டு வந்த நண்பர்களின் மகன்களும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அறிவுரை கெட்டது. பணம் வைத்து ஆடுகிற ஆட்டத்தில் இதைவிடச் செலவு வைக்கும் யோசனை வேறு இல்லை என்பது என் கட்சி. அதை இங்கே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பள்ளிப் படிப்பு பிரெஞ்சில், பிழைப்பு அரசாங்க எழுத்தர் வேலையில். முப்பது வருடத்துக்கு மேல் பில், வவுச்சர், ரொக்கப் பதிவேடு, ஒதுக்கீடு, மீதம் என்றே காலம் போயிற்று. சீட்டு எனக்குப் பகை இல்லை. பெலோத் சின்ன வயதிலேயே பழக்கம், ரம்மி வேலைக்கு வந்த பிறகு, போக்கர் உறவுக்காரப் பையன்கள் கற்றுக்கொடுத்தது. ஆகவே ‘சூதே கூடாது’ என்று பிரசங்கம் செய்ய வரவில்லை. மேசையில் உட்காருமுன் எவ்வளவு பணம் வைப்பது என்ற ஒரே கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ரம்மி மட்டும் தெரிந்தவர்களுக்காகப் போக்கரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்து யார் பெரிய கை காட்டுகிறாரோ அவருக்கு நடுவில் குவிந்த பணம். சீட்டு திறக்கத் திறக்கப் பந்தயம் கட்டுவார்கள். பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகக் கொஞ்சம் பணம் வைக்க வேண்டும். இதற்குச் சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர். அந்த முறை வட்டமாக எல்லோருக்கும் வரும். ஐம்பது–நூறு மேசை என்றால் சின்னது 50 ரூபாய், பெரியது 100 ரூபாய் என்று அர்த்தம்.

ரொக்க ஆட்டத்தில் ஒரு முக்கியமான சட்டம் உண்டு. மேசைமேல் வைத்திருக்கும் டோக்கனுக்கு மட்டும்தான் ஆடலாம். ஆட்டத்தின் நடுவில் பைக்குள் கைவிட்டு எடுக்க முடியாது. எதிராளி பத்தாயிரம் கட்டினாலும் உங்களிடம் இருப்பது நான்காயிரம் என்றால் நான்காயிரத்தோடு நிற்கலாம். உங்களை விரட்ட முடியாது. அதேபோல, ஜெயித்த டோக்கனை ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் முடியாது. எழுந்து போகும்போதுதான் எடுக்கலாம். மேசைமேல் முதலில் வைக்கும் இந்தத் தொகையை இங்கிலீஷ்காரன் ‘பை-இன்’ என்கிறான், பிரெஞ்சில் ‘காவ்’ என்பார்கள். நான் நம் பழைய சொல்லான கைமுதல் என்றே எழுதுகிறேன். கைமுதலைத் தொலைத்தவனுக்குப் பிரெஞ்சில் ‘தெகாவே’ என்று பெயர். சீட்டு மேசையில் பிறந்த அந்தச் சொல்லை, பிறகு சொத்தையே தொலைத்துப் போண்டியானவனுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மேசைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது ஒரு பெரிய மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். எங்கள் பள்ளியில் பஸ்காலை இலக்கியத்திலும் படித்தோம், விஞ்ஞானத்திலும் படித்தோம். அவர் 1654ஆம் ஆண்டு துலூஸ் நகரத்தில் நீதிமன்ற அதிகாரியாக இருந்த ஃபெர்மாவோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். விஷயம் சூதாட்டம்தான். இரண்டு பேர் ஆளுக்கு 32 பிஸ்தோல் காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவனுக்கு எல்லாம் சொந்தம். ஒருவன் இரண்டு, மற்றவன் ஒன்று ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பணத்தை எப்படிப் பிரிப்பது? பஸ்கால் சொன்ன விடை 48க்கு 16. அடுத்த ஆட்டத்தில் முன்னால் நிற்பவன் தோற்றால் சமமாகிவிடும், அப்போதும் அவனுக்கு 32 நிச்சயம். மீதி 32க்கு இருவருக்கும் சம வாய்ப்பு, அதனால் அதில் பாதி 16. இரண்டையும் கூட்டினால் 48. இன்றைய இன்சூரன்ஸ் கம்பெனி வரைக்கும் நடக்கும் நிகழ்தகவுக் கணக்குக்கு அந்தக் கடிதங்கள்தான் பிள்ளையார் சுழி.

எனக்கு அந்த விடையைவிடப் பெரிதாகப் பட்டது, இதே பிரச்சினையைப் பற்றி அவர் எழுதிவைத்த ஒரு விளக்கம். ஆட்டக்காரர்கள் மேசையில் வைத்த பணம் இனி அவர்களுடையது இல்லை, அதன் உரிமையை அவர்கள் விட்டுவிட்டார்கள் என்கிறார் பஸ்கால். அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்திருப்பது, அதிர்ஷ்டம் எதைத் தருமோ அதை எதிர்பார்க்கும் உரிமை மட்டும். எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரியும். கைமுதல் என்பது டெபாசிட் இல்லை, செலவு. உட்கார்ந்த நிமிடமே செலவுக் கணக்கில் எழுதியாயிற்று. எழும்போது ஏதாவது கையில் வந்தால் அது புது வரவு. இதை ஒப்புக்கொண்டால் ‘போன பணத்தை மீட்கிறேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. போன வருடம் தீபாவளிக்கு வாங்கிய பட்டாசின் காசை இந்த வருடம் மீட்கப் போகிறேன் என்று யாராவது கிளம்புவார்களா?

நம் அறிவுரையாளர்கள் தப்புச் செய்வது இங்கேதான். கொஞ்சமாக வைத்தால் கொஞ்சமாகப் போகும் என்பவர், ஒரு தடவைதான் உட்காரப்போகிறோம் என்று நினைத்துச் சொல்கிறார். அந்த ‘ஒரு தடவை’ என்ற நிபந்தனையை வாயால் சொல்வதே இல்லை. சொல்லாத நிபந்தனைக்கு யாரும் கட்டுப்படுவதும் இல்லை.

முதலில் மேசைக் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது பேர் உட்கார்ந்த ஐம்பது–நூறு மேசை. ஒரு வட்டம் சுற்றி வருவதற்குள் ஒவ்வொருவரும் சும்மா இருந்தாலே 150 ரூபாய் கட்ட வேண்டும். நிதானமாகச் சீட்டுப் போட்டால் மணிக்கு 27 ஆட்டம் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டம், அதாவது மணிக்கு 450 ரூபாய். வழக்கமாக இந்த மேசையில் 100 பெரிய பிளைண்ட், அதாவது 10,000 ரூபாய் வைத்து உட்காருவார்கள். நம் ஜாக்கிரதைக்காரர் 2,000 ரூபாயோடு உட்கார்கிறார். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்.

நல்ல சீட்டு எப்போது வரும்? ஆஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. மேலே சொன்ன வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதுவரை 2,000 ரூபாய் தாங்காது, நாலரை மணி நேரத்தில் தானாகவே கரைந்துவிடும். சரி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஆஸும் ராஜாவும் சேர்ந்து வருவது, இவற்றையும் நல்ல சீட்டில் சேர்ப்போம். அப்போது 39 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தடவை. அதற்குள் காத்திருந்த கூலியாக 650 ரூபாய் போயிருக்கும். பத்தாயிரம் வைத்திருப்பவருக்கு அது நூற்றுக்கு ஆறரை. இரண்டாயிரம் வைத்திருப்பவருக்கு நூற்றுக்கு முப்பத்திரண்டரை. கைமுதலில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு சீட்டைக்கூட ஆடாமல் வாடகையாகப் போயிற்று! குறைவாகச் செலவு செய்கிறோம் என்று நினைத்தவர், தன் கூரைக்குத் தாங்காத வீட்டில் குடியேறியிருக்கிறார்.

அதனால் அவர் என்ன செய்வார்? இரண்டு வழி. ஒன்று, பொறுமை இழந்து சுமாரான சீட்டுக்கெல்லாம் மொத்தத்தையும் தள்ளுவார். இன்னொன்று, பாதியாகக் கரைந்ததும் “இன்னொரு ரெண்டாயிரம் குடுப்பா” என்பார். இந்த இன்னொரு இரண்டாயிரம் இருக்கிறதே, இதுதான் என் உண்மையான எதிரி. பிரெஞ்சில் இதற்கு ‘ரெகாவ்’ என்று தனிப் பெயரே உண்டு. இது சின்னத் தொகை என்பதுதான் ஆபத்து. பத்தாயிரம் தொலைத்தவன் எழுந்து முகம் கழுவுவான். இரண்டாயிரம் தொலைத்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டுவான். ஐந்து தடவை நீட்டினால் அதே பத்தாயிரம் என்று அந்த நேரத்தில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பத்து தடவை நீட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நான் கண்ணால் பார்த்த கணக்கு ஒன்று. ஓய்வுபெற்ற ஒருவர், பெயர் வேண்டாம். மனைவி போனபின் தனியாக இருந்தவர். மகன் வெளியூர். கைபேசியில் ரம்மியும் போக்கரும் பணம் கட்டி ஆடுகிற செயலிகள் கொடிகட்டிப் பறந்த நாட்கள் அவை. ஒரு நாள் மகன் வந்து, அப்பாவின் பாஸ்புக்கை என்னிடம் கொடுத்து, “அங்கிள், நீங்க கணக்குல கெட்டிக்காரர், எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க” என்றான். பணிக்கொடைப் பணம் போட்டு வைத்திருந்த கணக்கு. சிவப்பு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய தொகை ஏதாவது ஒரே நாளில் போயிருக்கும், யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று தேடினேன். எட்டு மாதத்தில் ஒரு வரிகூட இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ஐந்நூறு, ஐந்நூறு, ஆயிரம், ஐந்நூறு, இரண்டாயிரம். சில நாள் ஒரே இரவில் ஒன்பது வரி. இடையிடையே மூவாயிரம், நாலாயிரம் வரவும் இருந்தது. வரவைக் கழித்துக் கூட்டினேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

அந்த மனிதர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தொகையைச் சொன்னதும், “இருக்காதுய்யா, நான் ஒரு நாளும் பெருசா வெச்சதே இல்லையே!” என்றார். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பெரிதாக வைத்ததே இல்லை. ‘கொஞ்சமா வெச்சு உட்காரு’ என்ற அறிவுரையை அவரைப்போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்க முடியாது. அதனால்தான் இதை நல்ல யோசனை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் பாரதக் கதையிலும் இது இருக்கிறது. தருமன் முதல் ஆட்டத்தில் நாடு, தம்பிகள், தன்னை, திரௌபதியை என்று ஒவ்வொன்றாக வைத்து இழந்தான். எவ்வளவோடு எழுவது என்று உட்காருமுன் அவன் தீர்மானிக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் மறப்பது அடுத்து நடந்ததை. திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஊர் போய்ச் சேருமுன் மறுபடி கூப்பிட்டார்கள், தருமனும் திரும்பி வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு வருட வனவாசமும் ஒரு வருட அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாவது உட்காரலில் வந்தவை.

நியாயமாக எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே குறைந்த தொகையோடு உட்காருவார்கள், லாபமும் பார்ப்பார்கள். அதில் தந்திரம் இருக்கிறது. கையில் கொஞ்சமே இருந்தால் முடிவெடுக்க வேண்டிய கட்டம் குறைவு. முதல் இரண்டு சுற்றிலேயே மொத்தத்தையும் தள்ளிவிட்டால், பின்னால் வரும் சுற்றுகளில் அனுபவசாலிகள் மிரட்டிப் பறிக்க முடியாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எந்தச் சீட்டுக்குத் தள்ளுவது, எந்தச் சீட்டுக்கு விலகுவது என்று அட்டவணையே மனப்பாடம் செய்தவர்கள். கைமுதல் இரட்டித்தால் எழுந்து போய்விடுவார்கள். இத்தனை தடவைதான் உட்காருவது என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பார்கள். அவர்களுடைய குறைந்த கைமுதல் ஒரு ஆயுதம். நம் அன்பர்களுடையது ஒரு சமாதானம். இரண்டும் மேசைமேல் ஒரே உயரத்தில் அடுக்கியிருப்பதால் ஒன்றாகிவிடாது.

சரி, அப்படியானால் நிறைய வைத்து உட்காரச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். அந்தக் கட்சிக்காரர்களும் உண்டு. “ஆம்பளைன்னா முழுசா எறக்கணும்” என்று மீசையை முறுக்குவார்கள். அவர்கள் கணக்கும் பொய்தான். எதிராளியிடம் நான்காயிரம் இருக்கும்போது உங்களிடம் நாற்பதாயிரம் இருந்தாலும், அந்த ஆட்டத்தில் உங்களுக்கு இருப்பது நான்காயிரம்தான். இருவரில் யாரிடம் குறைவோ அதுவே இருவருக்கும் எல்லை. மிச்சம் முப்பத்தாறாயிரம் அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்களைப்போலவே நாற்பதாயிரம் வைத்திருக்கும் கில்லாடி ஒருவன் மேசையின் அந்தக் கோடியில் இருந்தால், அவனுக்கு அது முழுக்கத் தெரியும். நிறைய வைப்பது, உங்களைவிட நன்றாக ஆடுகிறவனுக்கு மட்டுமே பயன்படும் தாராளம்.

இன்னொன்று. எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் அது உறுதிச்சீட்டு இல்லை. உங்களிடம் ஆஸ் ஜோடி, எதிராளியிடம் ராஜா ஜோடி, இருவரும் மொத்தத்தையும் தள்ளியாயிற்று. போக்கரில் இதைவிடச் சாதகமான நிலை அபூர்வம். அப்போதும் நூற்றுக்கு ஏறக்குறைய பதினெட்டு முறை ராஜாதான் ஜெயிக்கும். தொடர்ந்து இரண்டு தடவை இதே பாக்கியம் வாய்த்தாலும், இரண்டிலும் ஜெயிப்பது மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு தப்பும் செய்யாமல் கைமுதல் முழுவதும் போகும். அப்படிப் போகும் இரவில் மறுநாள் காலை பால்காரனுக்குக் கொடுக்கும் காசு குறையக்கூடாது. கைமுதலுக்கு நான் அறிந்த அளவுகோல் இது ஒன்றுதான்.

மேசை நடத்துபவரின் பங்கையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவிந்ததில் ஒரு விழுக்காடு எடுப்பார்கள், ரேக் என்று பெயர். சராசரி ஆட்டத்துக்கு 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும், மணிக்கு 27 ஆட்டம், நான்கு மணி நேரத்தில் 10,800 ரூபாய். ஒன்பது பேர் தலைக்குப் பத்தாயிரம் கொண்டுவந்த மேசையில் ஒருவருடைய முழுக் கைமுதலும் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போயிற்று. யாரும் அதை இழந்ததாக உணரமாட்டார்கள். ‘மேசையில் சுத்துற பணந்தானே, திரும்பி வரும்’ என்பவர்கள் இந்தப் பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

என் வழியைச் சொல்கிறேன். அலுவலகங்களில் நிரந்தர முன்பணம் என்று ஒன்று உண்டு, இம்பிரஸ்ட் என்றால் பழைய ஆட்களுக்குப் புரியும். தபால்தலை, காபி, ஆட்டோ என்று சில்லறைச் செலவுக்காக எழுத்தரிடம் ஒரு தொகை கொடுத்து வைப்பார்கள். அது தீர்ந்தால் வவுச்சரோடு மேலதிகாரியிடம் போய், அவர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி நிரப்ப முடியும். செலவு செய்கிற கையும் நிரப்ப உத்தரவு போடுகிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. இத்தனை வருட அனுபவத்தில் இதைவிட நல்ல விதியை நான் கண்டதில்லை. சீட்டு மேசையில் நடப்பது என்ன? சூடேறி உட்கார்ந்திருப்பவனே செலவாளி, அவனே உத்தரவு போடும் அதிகாரி, அவனே தணிக்கை. எந்த அலுவலகமாவது உருப்படுமா?

ஆகவே உத்தரவைக் காலையில் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். வருடத்துக்கு இந்த வேடிக்கைக்கு எவ்வளவு என்று முதலில் ஒதுக்குங்கள். ஓய்வூதியக்காரர் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தால் வருடம் 24,000. நன்றாக ஆடுகிறவனுக்கும் கெட்ட காலம் நீளும் என்பதால், குறைந்தது இருபது கைமுதல் கைவசம் இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் பழைய கணக்கு. 24,000ஐ இருபதால் வகுத்தால் 1,200. அதுதான் உங்கள் ஒரு நாள் கைமுதல். இதைக் கொண்டுபோய் ஐம்பது–நூறு மேசையில் வைத்தால் பன்னிரண்டு பெரிய பிளைண்ட், மூன்று மணிக்குள் காலி. அதே பணம் ஐந்து–பத்து மேசையில் நூற்றிருபது பிளைண்ட். அங்கே ஆயிரம் வைத்து முழு ஆளாக உட்காரலாம், சீட்டுக்குக் காத்திருக்கலாம், ஒரு ஆட்டம் தோற்றால் முகம் வாடாமல் காபி குடிக்கலாம்.

என் சண்டையின் சாரம் இவ்வளவுதான். கைமுதலைச் சிறிதாக்காதீர்கள், மேசையைச் சிறிதாக்குங்கள். உங்கள் 1,200க்கு ஏற்ற மேசை அந்தக் கப்பலில் இல்லையென்றால், அந்தக் கப்பல் உங்களுக்கானது இல்லை. ஆற்றங்கரையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வாருங்கள். காற்றுக்குப் பிளைண்ட் கிடையாது.

கடன் வாங்கி உட்காருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரெஞ்சுச் சிவில் சட்டம், நம் பெரியவர்கள் ‘கொத் சிவில்’ என்று சொல்வார்களே, அதில் 1965, 1967 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. அவை ஆண்டுகள் இல்லை, பிரிவு எண்கள். சூதாட்டக் கடனுக்காக வழக்குப் போட முடியாது என்பது ஒன்று. தோற்றவன் தானாகக் கொடுத்துவிட்ட பணத்தை, மோசடி இல்லாதவரை, திரும்பக் கேட்கவும் முடியாது என்பது மற்றொன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, அதன் 30ஆம் பிரிவும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது. இரண்டு தேசத்துச் சட்டமும் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிட்டன. சட்டமே எட்டிப் பார்க்காத இடத்தில், “நாளைக்கு தரேன்பா” என்று பக்கத்து ஆளிடம் டோக்கன் வாங்கி ஆடுவது பணத்தோடு நட்பையும் மேசைமேல் வைப்பது. இருபது வருடச் சிநேகிதர்கள் கடற்கரைச் சாலையில் எதிரெதிரே நடந்துவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், உள்ளே இருப்பது நான்காயிரம் ரூபாய்.

‘இது திறமை ஆட்டம், லாட்டரி இல்லை’ என்று சிலர் கிளம்புவார்கள். ரம்மியில் திறமைக்கே முக்கிய பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதையும் எடுத்துக் காட்டுவார்கள். போக்கரிலும் திறமை உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சொல் எப்போது வெளியே வருகிறது என்று கவனியுங்கள். தோற்ற பிறகுதான். “நான் சரியாத்தான் ஆடினேன், சீட்டு சதி பண்ணிடுச்சு, இன்னொரு தடவை உட்கார்ந்தா எடுத்துடுவேன்.” திறமை இருப்பவனுக்கு அவசரம் இருக்காதே! அவன் அடுத்த வாரம் வந்தும் எடுக்கலாம். பணம் வைத்து ஆடும் செயலி ஆட்டங்களுக்குத் தடை போட்டு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியபோது, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்கவில்லை. பாஸ்புக்கில் அந்தப் பேதம் தெரிவதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

‘வள்ளுவர் சூதுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, நீ என்ன அளவு சொல்கிறாய்?’ என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். வெற்றி என்பது தூண்டிலில் கோத்த இரை என்று வள்ளுவர் சொன்னதை நான் எங்கே மறுத்தேன்? ஆடாமல் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் புத்திசாலிகள். அவ்வளவு சொல்லியும் இத்தனை நூற்றாண்டுகளாக உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உட்காருகிறவர்களிடம் ‘கொஞ்சமா வை’ என்று சொல்லிவிட்டு நல்லது செய்ததாகத் திருப்திப்படுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். குடிப்பவனிடம் ‘சின்ன கிளாஸில் குடி’ என்று சொல்லிவிட்டு, எத்தனை கிளாஸ் என்று கேட்காமல் வருவதுபோல அது.

ஆகவே அன்பர்களே, உங்கள் மகனோ மருமகனோ கோவாவுக்குக் கிளம்பினால், அல்லது உங்களையே யாராவது மன்றத்துக்குக் கூப்பிட்டால், “எவ்வளவு வெச்சு உட்காரப் போற?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் சின்னத் தொகையாகத்தான் பதில் சொல்வார்கள். “எத்தனை தடவை?” என்று கேளுங்கள். ஒரு தடவை என்று பதில் வந்தால், தொகையை ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஆடப் போகாத ஒருவரிடம் அந்தத் தாளையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பதில் வராமல் சிரிப்பு வந்தால், அட்டையை நீங்களே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.